கேசட்டும் கடைத்தெருவும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் முதல் வீடியோ கேம் உருவாகிவரும் செய்தி நம் திருவனந்தபுரம் சாலைத்தெருவில் பலருக்கும் சந்தோஷம். நீல வானம், செங்கல் மேடைகள், குதித்தோடும் ஒரு பையன், தலையால் முட்டினால் காசு உதிரும் பெட்டி, கீச்சுக்குரலில் ஒரு பாட்டு. பார்க்கிறவர்களுக்குப் பள்ளி விடுமுறைகள் நினைவுக்கு வந்துவிடும். டிவி முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ‘ஒரு லைஃப் போனா எனக்குத் தரணும்’ என்று ஒப்பந்தம் பேசி, அண்ணன் எப்போது தோற்பான் என்று காத்திருந்த பகல்கள்.

அந்தப் பகல்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்ற உன் எண்ணம் நல்ல எண்ணம். அதற்கு நீ எடுத்திருக்கும் வழியைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பழைய விளையாட்டுகளின் முகத்தை நன்றாக வரைந்திருக்கிறாய். அவை உள்ளே எப்படி இயங்கின, அவற்றைச் செய்தவர்கள் எதிலிருந்து எடுத்துச் செய்தார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் இன்னும் கேட்கவில்லை. இந்தத் தொழிலைப் பழகும் மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் இந்தக் கடிதம் பொதுவில் வருகிறது.

முதலில் அந்தப் பெட்டியின் கதை. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. வடிவமைத்தவர் மசாயுகி உவெமுரா என்ற பொறியாளர். அதன் மூளையான சில்லு நொடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்புகளில் இயங்கியது; வேலை செய்ய அதற்குக் கிடைத்த நினைவகம் 2 கிலோபைட். 1985-இல் வேறு உருவத்தில் அது அமெரிக்காவுக்குப் போனது. இந்தியாவில் சாமுராய் என்ற பெயரில் உரிமம் பெற்ற பெட்டி விற்றதுண்டு. ஆனாலும் பெரும்பாலான வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை, அதே சில்லுகளைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் செய்த நகல்கள்தான். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பெயர்கள் மட்டும் மாறும். திருவனந்தபுரத்துக்கு அவை வந்த வழிகளில் ஒன்று வளைகுடா. 1991-இல் இந்த ஊர் விமான நிலையம் பன்னாட்டு நிலையமானது. ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் டேப் ரெக்கார்டருக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவே கேம் பெட்டியும் இருந்தது.

டிவியில் ஆன்டெனா செருகும் இடத்தில் வயரைச் செருகி, ஒரு சானலைத் திருகித் திருகிப் பிடித்தால் படம் தெரியும். வீட்டுக்கு ஒரே டிவி. 1985 முதல் தூர்தர்ஷனின் மலையாள நிகழ்ச்சிகள், 1993 முதல் ஏசியாநெட் என்று பெரியவர்களுக்கும் அதே டிவி வேண்டும். ஆக, பிள்ளைகள் விளையாடியதெல்லாம் இரவல் நேரத்தில். செய்தி தொடங்கும் முன் அந்த ஸ்டேஜை முடித்தாக வேண்டும். விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர்வதற்குப் பெரும்பாலான கேசட்டுகளில் வழி கிடையாது. கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பம். உன் விளையாட்டில் ஒவ்வொரு சிறு மேடைக்கும் ஆட்டத்தைச் சேமித்து வைக்கிறாய். அந்தக் காலத்துப் பரபரப்பு அதில் இல்லையே என்று நீயே வருந்தியிருக்கிறாய். பரபரப்புக்குக் காரணம் படத்தில் இருக்கவில்லை. இழப்பதற்கு ஏதோ ஒன்று இருந்ததில்தான் இருந்தது.

இதோடு சேர்த்து நீ தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அன்றைய டிவி நொடிக்குச் சுமார் 60 முறை படத்தைப் புதுப்பித்தது. இந்தியா பின்பற்றிய பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் அது 50 முறை. ஃபேமிகாம் விளையாட்டுகள் நொடிக் கணக்கில் ஓடாமல் படக் கணக்கில் ஓடுபவை. ஒரு படத்துக்கு இத்தனை புள்ளி நகர வேண்டும் என்றுதான் அவற்றின் நிரல் சொல்கிறது. அதனால் பால் டிவிக்காகச் செய்த நகல் பெட்டிகளில் மரியோ ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினான். பாட்டும் அதே அளவுக்கு நிதானமாக ஒலித்தது. இந்தியப் பிள்ளைகள் பலருக்கும் அந்த நிதானமே அசல். இன்று இணையத்தில் ஜப்பானியப் பதிப்பை ஓட்டிப் பார்க்கும்போது ‘இவன் ஏன் இப்படிப் பறக்கிறான்’ என்று தோன்றுவது அதனால்தான்.

ஆகவே நினைவை நம்பி வேகத்தை வைக்காதே. அளந்து பார். ஒரு குதிப்பு மேலே போக எத்தனை படம், கீழே வர எத்தனை படம், பொத்தானை விட்டவுடன் எத்தனை படத்தில் ஏற்றம் நிற்கிறது என்று தாளில் எழுது. பிறகு 50-க்கும் 60-க்கும் நடுவில் எது உன் கைக்குச் சரி என்று நீயே முடிவுசெய்.

கேசட்டை ஊதிய கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. படம் வராவிட்டால் கேசட்டை உருவி, அடியில் ஓங்கி ஊதி, மறுபடி செருகாத பிள்ளை இந்தியாவில் அபூர்வம். பெரும்பாலும் அது பலித்தது. பலித்ததற்குக் காரணம் ஊதியது அல்ல. உருவிச் செருகியதில் செம்புத் தடங்கள் புதிதாகப் பொருந்தியதுதான். ஊதும்போது தெறிக்கும் ஈரம் நாளடைவில் அந்தத் தடங்களை அரித்தது. நடந்தது என்ன என்பதை நினைவு அழகாக வைத்திருக்கும். ஏன் நடந்தது என்பதைக் கைவினைஞர்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படித் தேடத் தொடங்கினால் ஒவ்வொரு கேசட்டும் ஒரு பள்ளிக்கூடம். 1985 செப்டம்பரில் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் அந்தச் சிறு இடத்துக்குள் 32 நிலைகளை அடக்கினார்கள். மேலே மிதக்கும் வெள்ளை மேகமும் தரையில் நிற்கும் பச்சைப் புதரும் ஒரே சித்திரம். நிறம் மட்டும் வேறு. பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பார்த்தும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கவும் தேவையிருக்கவில்லை.

முதல் நிலையின் முதல் சில நொடிகளை மறுபடி பார். மரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான். வலப்பக்கம் வெறும் இடம். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் எல்லாரும் வலப்பக்கமே போகிறார்கள். பழுப்பு நிறத்தில் ஒன்று நடந்து வருகிறது. தொட்டால் சாவு. உடனே மறுபடி தொடக்கம்; இழப்பு ஒன்றும் பெரிதில்லை. இரண்டாவது முறை குதிக்கிறார்கள். குதித்தால் மேலே உள்ள பெட்டியில் முட்டுகிறது, காசு வருகிறது. அடுத்த பெட்டியிலிருந்து காளான் வெளிவந்து வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதித் திரும்பி ஆடுபவரை நோக்கியே வருகிறது. விலக நினைத்தாலும் தலைக்கு மேல் இருக்கும் கற்கள் தடுக்கின்றன. காளான் தொடுகிறது, மரியோ வளர்கிறான். ஆங்கிலமோ ஜப்பானிய மொழியோ தெரியாத ஒரு சாலைத்தெருச் சிறுவன், யாருடைய உதவியும் இல்லாமல், ஒரு நிமிடத்துக்குள் அந்த உலகத்தின் சட்டங்களைப் படித்துவிடுகிறான். உன் விளையாட்டின் தொடக்கத்தில் நான்கு பக்கத்துக்கு விளக்கம் எழுதி வைத்திருக்கிறாய். அதை எடுத்துவிட்டு அந்த வேலையை முதல் மேடையிடமே கொடு.

கான்ட்ரா விளையாடியவர்கள் குண்டுகள் மின்னி மின்னி மறைவதைப் பார்த்திருப்பார்கள். ஃபேமிகாமில் படம் காட்டும் சில்லால் ஒரு கிடைக்கோட்டில் 8 உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. ஒன்பதாவது உருவம் காணாமல் போகும். காணாமல் போவது எப்போதும் ஒரே குண்டாக இருந்தால் ஆடுபவர் அதைப் பார்க்காமலே சாவார். அதனால் நிரலாளர்கள் ஒவ்வொரு படத்திலும் வரிசையை மாற்றினார்கள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மின்னும்; எதுவும் முழுதாக மறையாது. குறை எல்லாருக்கும் பகிர்ந்து போனது, ஆட்டம் நேர்மையாக நின்றது. இன்று நீ அந்த மினுக்கலை அழகுக்காகப் போலியாகச் சேர்த்திருக்கிறாய். உன் கணினிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாதபோது அதன் தழும்பை மட்டும் ஒட்டவைப்பதில் என்ன பயன்?

கரோல் ஷாவின் வேலையையும் நீ படிக்க வேண்டும். 1982-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக அவர் செய்த ரிவர் ரெய்டு, அட்டாரி 2600 பெட்டியில் ஓடியது. அந்தப் பெட்டியின் நினைவகம் 128 பைட். கேசட்டின் கொள்ளளவு 4 கிலோபைட். விமானம் பறக்கும் நீண்ட ஆற்றை முன்கூட்டியே வரைந்து வைக்க அதில் இடமே கிடையாது. ஷா ஆற்றை வரையவில்லை; ஆற்றைப் பிறப்பிக்கும் ஒரு கணக்கை எழுதினார். ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிலிருந்து கணக்கு தொடங்குவதால், ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே வளைவுகள், அதே தீவுகள், அதே பாலங்கள் வரும். பழகப் பழக ஆடுபவருக்கு ஆறு மனப்பாடமாகிவிடும். பெண்கள் மிகச் சிலரே இருந்த அந்தத் தொழிலில் அவர் செய்த வேலை இது என்பதையும் நீ நினைவில் வைத்துக்கொள்.

அந்நாளைய கேசட்டுகளில் உனக்கு நேரடியாக உதவக்கூடியது ஒன்றுண்டு. 1985-இல் நாம்கோ வெளியிட்ட பேட்டில் சிட்டி. இந்தியாவில் ‘டேங்க்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். கழுகுச் சின்னத்தைக் காக்க வேண்டும். ஒரு நிலைக்கு 20 எதிரி டேங்குகள். மொத்தம் 35 நிலைகள். முகப்பில் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் குறுக்கே 13, நெடுக்கே 13 என்று கட்டங்கள். செங்கல், இரும்பு, தண்ணீர், காடு, பனி என எதை வேண்டுமானாலும் வைத்துச் சொந்த மைதானம் கட்டலாம். பிள்ளைகள் முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? கழுகைச் சுற்றி இரும்பை அடுக்கிவிடுவார்கள். எதிரியால் நெருங்கவே முடியாது. ஆட்டம் சப்பென்று போகும். பிறகு ஒரு பக்கம் திறப்பார்கள். திறப்பு பெரிதானால் உடனே தோல்வி. செங்கல்லை வைத்து, அதற்கு முன் தண்ணீரை வைத்து, தம்பியை ஆடச் சொல்லி, அவன் திணறுவதைப் பார்த்து, மறுபடி மாற்றுவார்கள். பெட்டியை அணைத்தால் கட்டியதெல்லாம் போய்விடும். மறுநாள் புதிதாகக் கட்ட வேண்டும். கேம் வடிவமைப்பு என்ற சொல்லே கேள்விப்படாத பிள்ளைகள் அதன் முதல் பாடத்தை அந்தக் கட்டங்களுக்குள் படித்தார்கள். உன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அந்தப் பெட்டி இன்னும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை அழுத்து.

‘ஒரே கேசட்டில் 9999999 விளையாட்டுகள்’ என்று அட்டையில் அச்சிட்ட கேசட்டுகளையும் நீ பார்த்திருப்பாய். உள்ளே இருந்தவை சில பத்து விளையாட்டுகள். மற்றவை அவற்றையே வேறு நிலையிலிருந்து, வேறு பெயரில் தொடங்கிவைத்தவை. பிள்ளைகள் இரண்டாம் நாளே அதைக் கண்டுபிடித்தார்கள். நூறு மேடை செய்வதாக நீ திட்டமிட்டிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டு மேடை போதும். ஒவ்வொன்றிலும் ஆடுபவர் புதிதாக ஒன்று கற்றுக்கொள்ளட்டும்.

இரண்டு பேர் ஆடிய விளையாட்டுகளை மறந்துவிடாதே. கான்ட்ராவின் அருவி நிலையில் திரை மேலே ஏறும். வேகமாக ஏறுபவன் நண்பனுக்காக நிற்காவிட்டால், பின்தங்கியவன் திரையின் அடியில் விழுந்து செத்துவிடுவான். ஐஸ் கிளைம்பரிலும் அப்படித்தான். இந்த ஒரு விதியால் எத்தனை வீடுகளில் சண்டை, எத்தனை வீடுகளில் ‘நில்லு, நான் வர்றேன்’ என்ற ஒத்துழைப்பு! அண்ணனும் தங்கையும் ஒரே திரைக்குள் மாட்டிக்கொண்டதால் பிறந்த உறவு அது. வளர்ந்தவர்கள் அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது எந்த நிலையில் எந்த எதிரி வந்தான் என்று அதிகம் சொல்வதில்லை. யாரோடு ஆடினோம் என்றுதான் சொல்கிறார்கள். உன் விளையாட்டில் ஒருவருக்கு மட்டுமே இடம் இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. செய்தவர்கள் எதிலிருந்து எடுத்தார்கள்?

மியாமோட்டோ 1952-இல் கியோட்டோ அருகே சோனோபே என்ற ஊரில் பிறந்தவர். சிறுவயதில் சுற்றுப்புறத்து மலையடிவாரங்களில் அலைந்ததையும், ஒரு குகையைக் கண்டு விளக்கோடு உள்ளே நுழைந்ததையும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1986-இல் வந்த செல்டா அந்த அலைச்சலிலிருந்து பிறந்தது. வரைபடம் கையில் இல்லை. எதிரே ஒரு குகை வாசல். உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயமும் ஆசையும். சதோஷி தாஜிரி டோக்கியோவை அடுத்த மச்சிதாவில் பூச்சி பிடித்து வளர்ந்தவர். வயலும் குளமும் கட்டடங்களானதைக் கண்ணால் பார்த்தவர். பதின்பருவத்தில் அவருக்கு ஆர்கேடு விளையாட்டுகளின் மேல் பித்து இருந்தது உண்மை. ஆனால் அவர் பெயரைச் சொல்லும் போக்கிமானின் கரு, பூச்சி தேடிப் பிடித்த அந்தச் சிறுவனுடையது. இரண்டு கேம் பாய்களை இணைக்கும் வயரைப் பார்த்தபோது, அதன் வழியே ஒரு பூச்சி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியது. 1996-இல் விளையாட்டு வெளிவந்தது.

இவர்கள் பழைய விளையாட்டுகளின் நினைவிலிருந்து விளையாட்டு செய்யவில்லை. தங்கள் ஊரின் குகையையும் பூச்சியையும் எடுத்து, அவற்றை விதிகளாக மாற்றினார்கள். நீ அவர்களை நேசிப்பது உண்மையானால் அவர்கள் வரைந்ததை மறுபடி வரைவதை விட்டுவிட்டு, அவர்கள் செய்த அந்த மாற்றத்தைச் செய். அதற்கு வேண்டியதெல்லாம் உன் வாசலில் இருக்கிறது.

திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய கடைத்தெரு நம் சாலைத்தெரு. கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை ஒரே நெரிசல். விடியலில் லாரியிலிருந்து மூட்டை இறங்கும். சுமை தூக்குபவர் தலையில் மூட்டையோடு ஸ்கூட்டர், பூக்கூடை, பசுமாடு எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு போவார். அவருக்கு வழி தெரியும் அளவு மூட்டையின் உயரத்தைப் பொறுத்தது. பல கடைக்காரர்கள் சரக்கு கொண்டுவருபவரிடம் தமிழிலும் வாங்க வருபவரிடம் மலையாளத்திலும் ஒரே மூச்சில் பேசுவார்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு விதி. சுமை கூடினால் பார்வை குறைகிறது. எதிரே நிற்பவரைப் பொறுத்து மொழி மாறுகிறது. நீ உன் விளையாட்டுக்குக் கடன் வாங்கிய குழாயும் காளானும் இந்த அளவுக்கு உனக்குத் தெரிந்தவையா?

சொந்தத் தெருவையே படைப்பாக்கியதற்கு இங்கேயே முன்னோடி உண்டு. எழுத்தாளர் ஆ. மாதவன் சாலைத்தெருவில் கடை வைத்திருந்தவர். வியாபாரத்துக்கு நடுவே, அதே தெருவில் நடமாடியவர்களைத் தன் கதைகளுக்குள் கொண்டுவந்தார். ‘கடைத்தெருக் கதைகள்’ அப்படி வந்த தொகுப்பு. 2015-இல் ‘இலக்கியச் சுவடுகள்’ நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021-இல் காலமானார். எழுதுவதற்காக அவர் வேறு ஊரைத் தேடிப் போகவில்லை. கடைக்குள் உட்கார்ந்து கண்ட மனிதர்களே அவருக்குப் போதுமானவர்களாக இருந்தார்கள்.

பெண்கள் தெருவில் அடுப்பு வைத்துப் பொங்கலிடும் ஆற்றுகால் கோயில் பொங்காலையை எடுத்துக்கொள். மாசி மாதத்தில் கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குச் சாலைகளெல்லாம் அடுப்பாகிவிடும். சாலைத்தெருவும் அதில் சேரும். 1997-இல் 15 லட்சம் பெண்கள் கூடியதும் 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதும் கின்னஸ் பதிவில் ஏறியவை. ஆனால் உனக்கு வேண்டியது அந்த எண்ணிக்கை அல்ல. கருவறையிலிருந்து வரும் தீயால் பண்டார அடுப்பை மூட்டுவார்கள். அங்கிருந்து அடுப்புக்கு அடுப்பு தீ கைமாறும். யாரும் தன் அடுப்பைத் தனியாக மூட்டிக்கொள்வதில்லை. பக்கத்து அடுப்பு எரிந்தால்தான் உன்னுடையதும் எரியும். காற்று வரும், புகை கண்ணைக் கரிக்கும், பானை பொங்கி வழிய வேண்டும், முதலில் பொங்கியவரும் நைவேத்தியம் வரை மற்றவர்களோடு காத்திருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் தோற்கடிக்காத, எல்லாரும் சேர்ந்தால் மட்டுமே முடிகிற விளையாட்டு ஒன்று ஆண்டுதோறும் உன் வாசலில் நடக்கிறது.

நவராத்திரி ஊர்வலமும் அப்படித்தான். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னூற்று நங்கையும் புறப்பட்டு, குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக, மாநில எல்லையைத் தாண்டித் திருவனந்தபுரம் வருகிறார்கள். குமாரசுவாமி தங்குவது நம் ஆரியசாலைக் கோயிலில். வழியும் தங்குமிடங்களும் எல்லையும் வரவேற்பும் எல்லாம் ஏற்கெனவே நிலைநிலையாக அமைந்திருக்கின்றன.

இதெல்லாம் உலகத்துக்குப் புரியுமா என்று நீ கேட்பாய். வெண்பா என்ற விளையாட்டு அதற்குப் பதில் சொல்லியாயிற்று. கனடாவின் டொரொன்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தம்பதியும் அவர்கள் மகனும்தான் கதை. அந்தத் தம்பதியில் மனைவியின் பெயர்தான் வெண்பா. அவளுடைய அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கிறது. அழிந்த வரிகளை ஆடுபவர் இட்லி ஊற்றியும் புட்டு அவித்தும் கண்டுபிடிக்க வேண்டும். 2024-இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும் பரிசும், சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன.

அதில் கவனிக்க வேண்டியது தோசையோ பின்னால் ஒலிக்கும் தமிழ்ப் பாட்டோ மட்டுமல்ல. புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு அம்மாவின் சமையல் எப்படி எட்டாமல் போகிறதோ, அதே அனுபவம் ஆட்டத்தின் விதியாகியிருக்கிறது. பக்கம் கிழிந்திருக்கிறது என்று கதை சொல்வதோடு நிற்கவில்லை. கிழிந்த பக்கத்தோடு உன்னை அடுப்படியில் நிறுத்துகிறது. மொத்தம் ஒன்றரை மணி நேரம்போல ஆடினால் முடிந்துவிடும். யாரும் அதைச் சிறியது என்று ஒதுக்கவில்லை.

வேலையைப் பற்றிச் சில நடைமுறைச் சொற்கள். பழைய பெட்டியின் எழுத்துகள் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் அமைந்தவை. ஆங்கில எழுத்து அதில் அடங்கும். ஜப்பானியர்கள்கூடச் சீன எழுத்துகளைப் பெரும்பாலும் தவிர்த்துக் கானா என்ற எளிய எழுத்துகளிலேயே எழுதினார்கள். தமிழின் ஞ, ணை, ஹூ எல்லாம் அதில் நசுங்கிப்போகும். பழைய தோற்றம் வேண்டும் என்று தமிழைச் சிதைக்காதே. பதினாறு புள்ளி உயரம் கொடு, எழுத்து மூச்சு விடட்டும். ‘கொ’ போன்ற எழுத்துகளில் குறிகள் இரண்டு பக்கமும் சரியாக வந்து நிற்கின்றனவா என்று ஒவ்வொரு வரியையும் படித்துப் பார். கட்டுப்பாடு வேண்டுமானால் நீயே உண்மையான ஒன்றை வைத்துக்கொள். பிகோ-8 என்ற கருவி 128-க்கு 128 புள்ளி, 16 நிறம், 32 கிலோபைட் என்று எல்லை போட்டுத் தருகிறது. முதல் முயற்சிக்கு அது நல்ல இடம். தமிழ் எழுத்து நிறைய வேண்டுமென்றால் இலவசமாகக் கிடைக்கும் கோடாட் என்ற கருவி பொருத்தமாக இருக்கும்.

மரியோவின் உருவத்தையோ அதற்குக் கோஜி கோண்டோ அமைத்த இசையையோ ஒரு துளியும் எடுக்காதே. நகல் பெட்டிகளின் காலத்தில் செய்தவர்களின் பெயரை அழித்துவிட்டு விளையாட்டை விற்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு யார் செய்தது என்றே தெரியாமல் போயிற்று. 1980 வாக்கில் அட்டாரி நிறுவனம் பெயர் போட மறுத்த நாளில் வாரன் ராபினெட் தன் ‘அட்வெஞ்சர்’ விளையாட்டுக்குள் ஒரு ரகசிய அறையில் பெயரை ஒளித்து வைத்தார். உனக்கு ஒளிக்க வேண்டிய அவசியமில்லை. படம் வரைந்தவர், பாட்டுப் போட்டவர், சோதித்துப் பார்த்த சிறுமி வரை எல்லார் பெயரையும் முகப்பிலேயே தமிழில் போடு.

சோதனைக்கு வெளியே போக வேண்டாம். 2018 முதல் கேரளப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினி மன்றங்கள் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகளுக்கு நிரலும் அசைபடமும் ஓரளவு பழக்கம். ஆசிரியரிடம் அனுமதி கேட்டு அவர்களிடம் கொடு. பிறகு இதுவரை விளையாட்டுப் பெட்டியையே தொடாத ஒரு கடைக்கார அத்தையிடம் கொடு. அவர் ஆடும்போது பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காதே. விரல் முதலில் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, எப்போது சிரிக்கிறார், எப்போது கருவியைக் கீழே வைக்கிறார் என்று மட்டும் எழுதிக்கொள். ‘நல்லா இருக்கு மோளே’ என்று அவர் சொல்வதைவிட அந்தக் குறிப்பு உனக்கு அதிகம் சொல்லும்.

அடுத்த தடவை அனுப்பும்போது வானமும் செங்கல்லும் வேண்டாம். பொங்காலைத் தீ ஓர் அடுப்பிலிருந்து பக்கத்து அடுப்புக்குப் போகிற அந்த ஒரு விதியை மட்டும் எடுத்து, வெறும் வட்டங்களாகச் செய்து அனுப்பு. இரண்டு பேர் ஒரே திரையில் ஆடும்படி இருக்கட்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை எழுத்து இல்லாமல் காட்டு. எத்தனை படத்துக்கு ஒருமுறை தீ தணிகிறது என்ற எண்ணை ஓரத்தில் குறித்து வை; அதை மாற்றி மாற்றி ஆடிப் பார்க்க இங்கே ஆள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
சாலைத்தெருவிலிருந்து ஓர் அண்ணன்